‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஒரே நாளில் பதிவான ஆல்பமா? பீட்டில்ஸின் முதல் தட்டைப் பற்றி ஒரு வழக்கு

#1 தேய்ந்ததட்டு | வெள்ளி, இரவு 9.40

மறைந்த என் சித்தப்பாவின் மரப்பெட்டியிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை ஓர் இசைத்தட்டு கைக்கு வந்தது. பார்லஃபோன் என்ற தட்டு நிறுவனத்தின் முத்திரை, கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சானது, உறையின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸின் முதல் ஆல்பம், ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’. நான்கு பையன்கள் மாடிப்படிக் கைப்பிடி மேல் சாய்ந்து கீழே பார்த்துச் சிரிக்கும் அந்தப் படத்தை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். தட்டைக் கையில் ஏந்துவது இதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கமும் சேர்த்து முப்பத்திரண்டு நிமிடம்தான். கேட்டு முடித்ததும் மறுபடி முதல் பக்கத்தைப் போட்டேன். அதன்பிறகு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த இழை.

1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை. லண்டனில் இஎம்ஐ நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம், இரண்டாம் அரங்கு. காலை 10 மணிக்குத் தொடங்கி இரவு 10.45க்கு முடித்தார்கள். இடைவேளைகளைக் கழித்தால் ஒன்பதே முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு ஆல்பம்! பாடகி ஹெலன் ஷாபிரோவின் கச்சேரிப் பயணத்தில் கூடவே போய் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், இடையில் கிடைத்த ஒரு நாளில் வந்து பதிவு செய்துவிட்டு, மறுநாளே மேடைக்குத் திரும்பினார்கள். ஜான் லெனனுக்குக் கடுமையான ஜலதோஷம். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அன்று இருபது வயதுகூட நிறையவில்லை.

இன்று ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் ஒலியைச் சரிசெய்யவே மூன்று நாள் ஆகிறது. நான் கேட்பது இதுதான்: இந்த ஆல்பம் இன்றும் உயிரோடு இருப்பது ஒரே நாளில் எடுத்ததனாலா? ஒரு மாதம் கொடுத்திருந்தால் கெட்டுப்போயிருக்குமா? கெட்டுப்போயிருக்கும் என்பது என் கட்சி.

#2 கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10.15

ஐயா, உங்கள் கட்சி தோற்கிறது. முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஆல்பத்தில் பாடல்கள் 14. அன்றைய தினம் பதிவானவற்றில் ஆல்பத்துக்கு வந்தவை 10. மீதி நான்கும் ஏற்கெனவே சிங்கிள் தட்டுகளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு தட்டுகளாக, வெளிவந்தவை. ‘லவ் மீ டூ’வும் அதன் மறுபக்கமான ‘பி.எஸ். ஐ லவ் யூ’வும் 1962 செப்டம்பரில் பதிவானவை. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாடலும் ‘ஆஸ்க் மீ ஒய்’யும் அதே ஆண்டு நவம்பர் 26இல். உறையிலேயே ‘லவ் மீ டூ மற்றும் 12 பாடல்களுடன்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உங்களிடம்தான் உறை இருக்கிறதே, எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, பிப்ரவரி 11இல் வேலை முடியவும் இல்லை. 20ஆம் தேதி தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தானே உட்கார்ந்து ‘மிஸரி’யில் பியானோவும் ‘பேபி இட்ஸ் யூ’வில் மணியோசை தரும் செலஸ்டா என்ற விசைப்பலகை வாத்தியமும் சேர்த்தார். அப்போது பீட்டில்ஸ் அங்கு இல்லை. 25ஆம் தேதி, பதிவான ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கும் கலவை வேலை. அதற்கும் அவர்கள் இல்லை.

ஆக, ஒரே நாள் என்பது பாதி உண்மை.

#3 தேய்ந்ததட்டு | வெள்ளி, இரவு 10.32

பதினான்கில் பத்து பாதியா? பிள்ளைவாள், உங்கள் கணக்கில்தான் கோளாறு.

#4 பக்கவாத்தியம் | சனி, காலை 7.05

நான் டிரம்ஸ் வாசிப்பவன். அந்த நான்கு பாடல்களுக்குள்ளேயே ஒரு தனிக்கதை இருக்கிறது. காபி ஆறினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

‘லவ் மீ டூ’ மூன்று தடவை, மூன்று டிரம்ஸ் கலைஞர்களோடு பதிவானது. 1962 ஜூன் 6இல் பீட் பெஸ்ட். ஆகஸ்டில் அவரை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். செப்டம்பர் 4இல் ரிங்கோவோடு ஒரு பதிவு. அதிலும் கூடத்தாருக்குத் திருப்தி இல்லை. 11ஆம் தேதி ரிங்கோ வந்து பார்க்கிறார்; டிரம்ஸ் முன்னால் ஆண்டி வைட் என்ற தொழில்முறைக் கலைஞர் உட்கார்ந்திருக்கிறார். ரிங்கோவின் கையில் கஞ்சிரா போன்ற ஒரு டாம்பரினைக் கொடுத்துவிட்டார்கள். ‘பி.எஸ். ஐ லவ் யூ’வுக்கு மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை.

குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையை வாசலில் செருப்புக்குக் காவல் வைத்ததுபோல.

முதலில் வந்த சிங்கிள் தட்டில் இருப்பது ரிங்கோ வாசித்த பதிவு. ஆல்பத்தில் இருப்பது ஆண்டி வைட் வாசித்தது. அடையாளம் காண்பது எளிது: டாம்பரின் சத்தம் கேட்டால் டிரம்ஸ் ரிங்கோ அல்ல.

இப்போது பிப்ரவரி 11க்கு வாருங்கள். அதே ரிங்கோ, ஐந்து மாதம் கழித்து, அன்று இரவு ‘பாய்ஸ்’ பாடுகிறார். டிரம்ஸும் அவரே, குரலும் அவரே. ஒரே டேக். திருத்தம் இல்லை, இரண்டாம் முயற்சி இல்லை. இந்த ஆல்பத்தில் யாராவது ஒருவர் தன்னை நிரூபித்துக் காட்டினார் என்றால் அவர் ரிங்கோதான். ஜானின் தொண்டையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

#5 மழைக்காலவானொலி | சனி, காலை 8.50

‘பாய்ஸ்’ என்றதும் ஓடி வந்தேன்.

அந்தப் பாட்டு யாருடையது என்று கவனித்தீர்களா? ஷிரெல்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் குழுவினுடையது. பையன்களைப் பற்றிப் பெண்கள் கிறங்கிப் பாடும் பாட்டு. அதை ரிங்கோ சொல்லை மாற்றாமல் அப்படியே பாடுகிறார். பின்னால் மற்ற மூவரும் ‘பாப் ஷூவாப்’ என்று குரல் கொடுக்கிறார்கள். துறைமுக ஊரில் முரட்டுப் பையன்கள் நிறைந்த மேடைகளில் இதை மாதக்கணக்கில் பாடியிருக்கிறார்கள். யாரும் என்ன இது என்று கேட்கவில்லை போலும், அவர்களுக்கும் உறைக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, பாடினார்கள்.

‘பேபி இட்ஸ் யூ’வும் ஷிரெல்ஸ் பாடியதுதான். ‘செயின்ஸ்’ குக்கீஸ் என்ற இன்னொரு பெண்கள் குழுவினுடையது. எழுதியவர்கள் ஜெரி காஃபின், கரோல் கிங். ஆல்பத்தில் பிறர் பாடல்கள் ஆறு. அதில் பாதி பெண்கள் குழுக்களின் பாடல்கள். ராக் இசைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்வீஸ், சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் என்று ஆண்களின் வம்சாவளியைப் போட்டுவிட்டுப் பீட்டில்ஸைக் கடைசியில் ஒட்டவைப்பார்கள். அவர்களுடைய மூன்று குரல் ஒத்திசைவு எங்கிருந்து வந்தது? ஒருவர் பாட இருவர் கேள்வியும் பதிலுமாகப் பின்தொடரும் அந்த முறை? ஷிரெல்ஸ் தட்டையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நான் சொல்லத் தேவையிருக்காது.

ஒரே நாளா, ஒன்பது நாளா என்ற உங்கள் வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. தொடருங்கள்.

#6 புதியவன்_23 | சனி, முற்பகல் 11.20

எல்லோரும் பெரியவர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்றிரவு இந்த இழையைப் பார்த்துவிட்டு ஆல்பத்தைக் கேட்டேன். சாதாரணமாகத்தான் இருக்கிறது. ‘ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்’, ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ இரண்டும் அருமை. நடுவில் வருபவை எல்லாம் ஒரே மாதிரி. ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ திருமண வரவேற்பில் வாசிப்பதுபோல இருக்கிறது. மூன்றே ஆண்டு கழித்து ‘ரிவால்வர்’ ஆல்பத்தைச் செய்தவர்கள் என்று தெரியாமல் கேட்டால், இதற்கு இவ்வளவு பேச்சு இருக்குமா?

இன்னொன்று. பாதிப் பாட்டுகளில் குரல் ஒரு காதில், வாத்தியம் இன்னொரு காதில். என் ஹெட்போன்தான் பழுதோ என்று மாற்றிப் பார்த்தேன்.

#7 இடதுகாது | சனி, பகல் 12.02

தம்பி, ஹெட்போன் பழுதில்லை. ஸ்டீரியோ பதிப்பைக் கேட்டிருக்கிறீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

2009இல் பீட்டில்ஸ் ஆல்பங்கள் புதுப்பித்து வெளிவந்த சமயம். நானும் நண்பனும் திருச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஒரே இயர்போன், இடது முனை எனக்கு, வலது முனை அவனுக்கு. விழுப்புரம் வரைக்கும் இரண்டு பேரும் ரசித்துக் கேட்டோம். “என்னடா, இவ்வளவு நேரம் வாத்தியம் மட்டுமே வாசிக்கிறார்கள்” என்றேன் நான். “வாத்தியமா? இவர்கள் வெறும் குரலிலேயே பாடுகிறார்கள், அபாரம்” என்றான் அவன். முனையை மாற்றிக்கொண்ட பிறகுதான் புரிந்தது. கடைசி ஸீட்காரர் எழுந்து அதட்டும்வரை சிரித்தோம்.

காரணம் எளிது. அன்று இரண்டாம் அரங்கில் இருந்தது இரண்டு ட்ராக் (ஒலித்தடம்) கொண்ட ஒலிநாடா இயந்திரம். வாத்தியங்கள் ஒரு ட்ராக், குரல்கள் மற்றொன்று. அது ஸ்டீரியோவுக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. பின்னால் எல்லாவற்றையும் ஒரே ஒலியாக்கி மோனோ கலவை செய்யும்போது குரலைக் கொஞ்சம் ஏற்றவோ வாத்தியத்தைக் கொஞ்சம் இறக்கவோ வசதியாக இருக்கட்டும் என்பதற்காக. அன்று இங்கிலாந்தில் பாப் இசை வாங்கிய இளைஞர்களின் வீட்டில் இருந்தது மோனோ இயந்திரம்தான். ஆல்பமும் முதலில் மோனோவில்தான் வந்தது. ஸ்டீரியோ தட்டு சில வாரம் கழித்து, வசதியுள்ள சிலருக்காக வந்தது. அந்த இரண்டு ட்ராக்கையும் இரண்டு காதுக்கும் பிரித்துக் கொடுத்ததுதான் நீங்கள் கேட்டது.

மோனோவில் கேளுங்கள். பேஸும் டிரம்ஸும் குரலும் ஒரே இடத்திலிருந்து முட்டிக்கொண்டு வரும். அதன்பிறகு சாதாரணம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

#8 கணக்குப்பிள்ளை | சனி, பகல் 12.30

இடதுகாது சொன்னதோடு ஒன்று. ஸ்டீரியோவில் கேட்பதால் ஒரு லாபமும் உண்டு. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாடலின் ஸ்டீரியோ கலவைக்கு வேறு டேக்குகளை ஒட்டியிருக்கிறார்கள். கடைசிச் சரணத்தில் ஜான் வரியை மறந்து தடுமாறுவார்; அடுத்து வரும் ‘கம் ஆன்’ சொல்லும்போது குரலில் சிரிப்பு தெறிக்கும். மோனோவில் அது இல்லை.

‘லவ் மீ டூ’, ‘பி.எஸ். ஐ லவ் யூ’ இரண்டுக்கும் உண்மையான ஸ்டீரியோவே கிடையாது. மோனோ பதிவை வைத்துக்கொண்டு ஸ்டீரியோ மாதிரி வேஷம் கட்டியது.

#9 தேய்ந்ததட்டு | சனி, மாலை 5.45

நன்றாகப் போகிறது. புதியவனுக்கும் பிள்ளைவாளுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தம்பி, ‘ரிவால்வர்’ என்ற ஒன்று பின்னால் வந்தது என்பதை மறந்துவிட்டு, 1963 வசந்தத்தில் ஒரு பிரிட்டிஷ் இளைஞன் என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்று பாருங்கள். எல்பி, அதாவது முழு ஆல்பம் அடங்கிய பெரிய தட்டு, அன்று பெரியவர்களின் சரக்கு. திரைப்பட இசையும் நாடகப் பாடல்களும்தான் எல்பி பட்டியலின் உச்சியில் இருக்கும். இந்த ஆல்பம் முதலிடத்துக்கு வந்தபோது அதற்கு முன் அங்கே உட்கார்ந்திருந்தது கிளிஃப் ரிச்சர்டின் ‘சம்மர் ஹாலிடே’. இளைஞர்கள் வாங்கியது சிங்கிள் தட்டுகள். ஒரு சிங்கிள் வெற்றிபெற்றால் அதோடு அவசரமாகப் பத்துப் பாட்டைக் கட்டி ஒரு எல்பி போட்டுக் காசு பார்ப்பது வழக்கம். இதுவும் அப்படித்தான் பிறந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஜனவரி 11இல் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ சிங்கிள் வந்தது, மேலே ஏறியது, சூடு ஆறுவதற்குள் ஆல்பம் வேண்டும் என்றார் மார்ட்டின். மார்ச் 22இல் கடைக்கு வந்துவிட்டது. மே மாதம் முதலிடம். அங்கிருந்து முப்பது வாரம் அசையவில்லை. அதை இறக்கியது யார் தெரியுமா? அவர்களுடைய இரண்டாவது ஆல்பம்.

காசு பார்க்கப் போட்ட தட்டு ஏன் முப்பது வாரம் நின்றது? அன்று பிரிட்டனில் எத்தனை குழுக்களின் ஆல்பத்தில் பாடியவர்களே எழுதிய பாட்டு எட்டு இருந்தது? இங்கே எட்டு. தட்டில் ‘மெக்கார்ட்னி–லெனன்’ என்று போட்டிருக்கிறது. பெயர் வரிசை பின்னால்தான் தலைகீழானது. மிட்ச் முர்ரே எழுதிய ‘ஹவ் டூ யூ டூ இட்’ என்ற தயார்ப் பாட்டை மார்ட்டின் கொடுத்தபோது, பதிவு செய்துகொடுத்துவிட்டு, இது வேண்டாம், எங்கள் பாட்டே போகட்டும் என்று நின்றவர்கள் இவர்கள். வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பாட்டு ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழுவுக்கு முதலிடம் வாங்கித் தந்தது. அப்போதும் இவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை.

#10 பக்கவாத்தியம் | சனி, மாலை 6.10

மார்ட்டினுக்கும் பாதி மதிப்பெண் கொடுங்கள் அண்ணா. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யை ஜான் முதலில் எழுதியது மெதுவான, அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசன் பாணி சோகப் பாட்டாக. வேகத்தைக் கூட்டுங்கள் என்றவர் மார்ட்டின். நவம்பரில் வேகமாக்கிக் கொண்டுவந்து வாசித்து முடித்ததும், உங்கள் முதல் நம்பர் ஒன் தட்டை இப்போதுதான் செய்து முடித்தீர்கள் என்று மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்னார். பார்லஃபோனில் அதுவரை அவருடைய பெயர் நகைச்சுவைத் தட்டுகளுக்குத்தான். நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸை வைத்துத் தட்டுப் போட்டவர். அதனால்தானோ என்னவோ, இவர்களுடைய கிண்டலை அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

#11 வழிப்போக்கன் | சனி, இரவு 8.00

நம் ஊர்த் திரைப்பாடல்களையும் அந்தக் காலத்தில் இப்படி ஒரே மூச்சில்தானே எடுத்தார்கள்? அதைப் பற்றி யாராவது

#12 மட்டுறுத்துநர் | சனி, இரவு 8.20

திரைப்பாடல் ஒப்பீட்டுக்குத் தனி இழை இருக்கிறது. இதன் தொடர்ச்சியாக வந்த ஒன்பது பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். அங்கேயும் சண்டை வேண்டாம்.

#13 கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 6.30

மூல வழக்குக்குத் திரும்புவோம். தேய்ந்ததட்டு ஐயா ஒரே நாள் என்பதை மந்திரம்போலச் சொல்கிறார். அந்த நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

காலையில் மூன்று மணி நேரம்: இரண்டே பாட்டு. ‘தேர்ஸ் எ ப்ளேஸ்’, பிறகு ‘செவன்டீன்’ என்ற பெயரில் ‘ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்’. மதியம் மூன்றரை மணி நேரம்: மூன்று பாட்டு. ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’யில் பால் மெக்கார்ட்னியின் குரலை இரட்டித்ததும் ‘தேர்ஸ் எ ப்ளேஸ்’ மவுத் ஆர்கன் சேர்த்ததும் அப்போதுதான். இரவு மூன்றேகால் மணி நேரத்தில் முதலில் ‘ஹோல்ட் மீ டைட்’. பதின்மூன்று டேக் எடுத்தும் தேறவில்லை, தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதை இரண்டாவது ஆல்பத்துக்கு மறுபடி பாட வேண்டியதாயிற்று. அதன்பிறகு மீதி நேரத்தில் ஐந்து பாட்டு. ஐந்தும் பிறர் பாட்டு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? புதிய சொந்தப் பாட்டுக்கு நேரம் பிடித்தது. மேடையில் நூறு தடவை வாசித்த பாட்டுகள் மளமளவென்று வந்தன. அந்த நாளில் எந்த அற்புதமும் நடக்கவில்லை ஐயா. அற்புதம் அதற்கு முன்னால் நடந்துவிட்டது. 1960 ஆகஸ்டிலிருந்து 1962 டிசம்பர் 31 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கு ஐந்து பயணம். இரவெல்லாம் வாசிப்பு. லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் நூற்றுக்கணக்கான காட்சிகள். மார்ட்டின் முதலில் கேவர்னிலேயே நேரடியாகப் பதிவு செய்யலாமா என்று யோசித்துப் போய்ப் பார்த்தார். கல் சுவர் நிலவறை, எதிரொலி ஒத்துவராது என்று விட்டுவிட்டார். அந்தக் கச்சேரியை அரங்குக்குள் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னதுதான் பிப்ரவரி 11. நீங்கள் ஒரு நாள் என்று எண்ணுவதை நான் இரண்டரை ஆண்டு என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். தட்டின் தொடக்கத்தில் பால் ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ என்று எண்ணுவாரே, அந்தக் கடைசி எண்ணை வெடிபோல வீசுவாரே, அது அந்தப் பாட்டுக்கு உரியதே அல்ல. பாட்டு முதல் டேக். எண்ணிக்கை ஒன்பதாவது டேக்கிலிருந்து வெட்டி ஒட்டியது. நேரடிக் கச்சேரியின் உயிர்த்துடிப்பு என்று எல்லோரும் புல்லரிக்கும் அந்த நொடி, கத்திரிக்கோல் செய்த வேலை.

#14 தேய்ந்ததட்டு | ஞாயிறு, காலை 9.10

அந்தக் கத்திரிக்கோல் விஷயம் எனக்குத் தெரியாது. காலைக் காபியைக் கெடுத்துவிட்டீர்கள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒட்டியவருக்கு என்ன காது! ஒன்பதாவது டேக்கில் பாட்டு சரியில்லை, எண்ணிய எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே. ஆல்பத்தின் கதவைத் திறப்பதற்கு இசைக்கு முன்னால் ஒரு கத்தல் வேண்டும் என்று. அது மார்ட்டினோ, ஒலிப்பொறியாளர் நார்மன் ஸ்மித்தோ, இருவரும் சேர்ந்தோ, கும்பிடு போடுகிறேன்.

ஹாம்பர்க் கணக்கையும் ஏற்கிறேன். ஆனால் ஒரு திருத்தம். ஊறிய மாவு எத்தனை நாள் ஊறினால் என்ன, தோசை வார்ப்பது அந்த ஒரு நிமிடம். கல் சூடாக இருக்க வேண்டும். ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டுக்கு என்ன சொல்கிறீர்கள்?

#15 மழைக்காலவானொலி | ஞாயிறு, காலை 10.00

உதாரணம் நன்று. இட்லிக்கும் இது பொருந்துமா என்று கணக்குப்பிள்ளை கேட்பதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்.

‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1962இல் வெற்றிபெறச் செய்த பாட்டு. அதற்கும் முன்னால் டாப் நோட்ஸ் என்ற குழு பாடியது. ஐஸ்லிகளின் பதிவு கொண்டாட்டமாக இருக்கும், ஊதுகருவிகள் இருக்கும். ஜானிடம் அந்த வசதி இல்லை, தொண்டை மட்டும்தான். அதுவும் இரவு பத்து மணிக்கு, பகல் முழுக்கப் பாடித் தேய்ந்த, ஜலதோஷம் பிடித்த தொண்டை. குரல் போய்விடும் என்று தெரிந்துதான் அதைக் கடைசிக்கு வைத்தார்கள். தொண்டை மிட்டாயைச் சப்பி, பாலைக் குடித்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றாராம். முதல் டேக்கே தட்டில் இருப்பது. மார்ட்டின் இன்னொன்று எடுத்துப் பார்த்தார்; குரலே வரவில்லை.

நான் முறையாகப் பாட்டுக் கற்றவள். இதை என் மாணவிகளிடம் போட்டுக் காட்டமாட்டேன். இப்படிப் பாடினால் தொண்டை போய்விடும். ஆனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் கேட்பேன்.

#16 பக்கவாத்தியம் | ஞாயிறு, காலை 10.25

அக்கா, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதை இனி ஊரே அறியும்.

#17 இடதுகாது | ஞாயிறு, பிற்பகல் 2.40

அந்தக் கூடத்தாரைப் பற்றி ஒரு துணுக்கு. மதிய உணவுக்கு மார்ட்டினும் பொறியாளர்களும் பக்கத்து மதுக்கடைக்குக் கிளம்பினார்கள். பையன்கள் வரவில்லை, பாலைக் குடித்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறோம் என்றார்கள். திரும்பி வந்தால் உண்மையாகவே வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மதிய உணவைத் தியாகம் செய்த குழுவை அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை.

சம்பளம் என்ன தெரியுமா? மூன்று மணி நேர அமர்வுக்கு ஆளுக்கு ஏழு பவுண்டு பத்து ஷில்லிங், அதுதான் சங்க விகிதம்.

பொறியாளர் நார்மன் ஸ்மித்தை மார்ட்டின் அளவுக்கு யாரும் நினைப்பதில்லை. பாடுகிறவரையும் வாசிக்கிறவரையும் தடுப்புப் பலகைகளால் பிரித்து வைப்பது அந்தக் கூடத்து மரபு. ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழக்கூடாது. இவர் பலகைகளைக் குறைத்து, விழுந்தால் விழட்டும் என்று விட்டார். மேடையில் எப்படிக் கேட்குமோ அப்படி. நீங்கள் உயிர்த்துடிப்பு என்பதில் ஒரு பங்கு, ஜார்ஜின் கிதார் ஜானின் மைக்குக்குள் கசிந்தது. இதே ஸ்மித் 1967இல் பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தார். இரண்டு முதல் ஆல்பங்கள், எவ்வளவு தூரம்!

#18 புதியவன்_23 | ஞாயிறு, மாலை 4.15

மோனோ கிடைத்தது, கேட்டேன். உண்மைதான், வேறு ஆல்பம் மாதிரி இருக்கிறது. ‘பாய்ஸ்’ மூன்று தடவை கேட்டேன். ‘அன்னா’வில் ஜானின் குரல் உடைகிற இடம் நேற்று என் காதில் விழவே இல்லை.

‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

#19 மழைக்காலவானொலி | ஞாயிறு, மாலை 4.30

அதில் நானும் உங்கள் கட்சி தம்பி. பால் மெக்கார்ட்னிக்கு அந்த மாதிரிப் பாட்டுகள் மேல் ஒரு சபலம் கடைசிவரை இருந்தது.

#20 கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 5.00

‘மிஸரி’ பாவம், யாருமே பேசவில்லை. ஹெலன் ஷாபிரோவை மனதில் வைத்து எழுதியது. அவர் தரப்பில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதே பயணத்தில் கூட வந்த கென்னி லிஞ்ச் பதிவு செய்தார். இவர்களுடைய பாட்டை வேறொருவர் பாடிப் பதிவு செய்தது அதுதான் முதல் தடவை. ‘டூ யூ வான்ட் டு நோ எ சீக்ரெட்’ பாடகர் பில்லி ஜே. கிராமருக்குப் போய் இரண்டாம் இடம்வரை ஏறியது. பிறருக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணமும் அவர்களுக்கு அப்போது இருந்திருக்கிறது. குழு எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்?

#21 வழிப்போக்கன் | ஞாயிறு, மாலை 6.45

அட்டைப்படம் எங்கே எடுத்தது?

#22 இடதுகாது | ஞாயிறு, மாலை 7.05

லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்தில் இருந்த இஎம்ஐ தலைமை அலுவலகத்தின் மாடிப்படியில். எடுத்தவர் ஆங்கஸ் மக்பீன், நாடகக் கலைஞர்களைப் படம் எடுத்துப் பெயர் பெற்றவர். மார்ட்டினின் முதல் யோசனை வேறு: பீட்டில்ஸ் என்பது வண்டை நினைவூட்டும் பெயர் அல்லவா, லண்டன் விலங்குக்காட்சிச் சாலையின் பூச்சிகள் கூடத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று. அந்தச் சங்கம் மறுத்துவிட்டது. பூச்சிகளின் கௌரவத்தை யோசித்திருப்பார்கள்.

1969இல் அதே மாடிப்படியில், அதே வரிசையில், அதே மக்பீனை வைத்து மறுபடி எடுத்தார்கள். தாடியும் தோள்வரை முடியுமாக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் ஓடியது ஆறே ஆண்டு என்று நம்ப முடியாது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. கைப்பிடியை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

#23 தேய்ந்ததட்டு | ஞாயிறு, இரவு 9.30

இப்போதுதான் மறுபடி போட்டேன். கத்திரிக்கோல் தெரிகிறதா என்று முதல் மூன்று நொடியைப் பத்துத் தடவை கேட்டிருப்பேன். ஊசி தேய்ந்ததுதான் மிச்சம். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிள்ளைவாள், பதினான்கில் பத்துதான். இரண்டரை ஆண்டும் உங்களுக்கே. ஆனால் இரவு பத்தரை மணி என்னுடையது, அதை விட்டுத்தரமாட்டேன்.

#24 கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.34

பத்தரை உங்களுக்கே. 10.45க்கு அரங்கைக் காலி செய்துவிடுங்கள்.